ஏழாம் தலம்: சென்று வந்தேன்

மே 18, ஞாயிறு

இந்த நோட்டு இங்கே வாங்கியது. எல்லாத் தாளிலும் கட்டம் போட்டிருக்கிறது. பிள்ளையார் சுழி போட்டேன். ஒரு கட்டத்தில் அடங்காமல் மூன்று கட்டத்துக்குப் பரவி உட்கார்ந்தார். அவர் இஷ்டம்.

தொலைந்துபோனால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. நான் உலகம்மாள், தென்காசி சிவசைலத்தின் மனைவி. வயது ஐம்பத்தாறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன்பின் பலசரக்குப் பொட்டலத் தாளில் தொடங்கித் தேவாரம் வரை கையில் அகப்பட்டதை எல்லாம் படித்து நானாகத் தெரிந்துகொண்டவள். எதற்கும் கணக்கு எழுதிவைப்பது என் வழக்கம். எத்தனை பிரதோஷம், எத்தனை சுற்று, எத்தனை விளக்கு. சித்திரகுப்தன் தன் ஏட்டைப் புரட்டும்போது என் நோட்டோடு ஒத்துப்பார்த்தால் ஓர் எண் கூட இடிக்கக் கூடாது.

ஜெர்மனியில் லிண்டன்டால் என்ற இந்த ஊருக்கு வந்து நான்கு நாள். மகள் செண்பகா இங்கே சுற்றுலா மேலாண்மையில் முதுகலை படிக்கிறாள். பாடமெல்லாம் முடிந்து ஆய்வேடு மட்டும் பாக்கி. தலைப்பு: யாரும் அறியாத சிற்றூர்களுக்குப் பயணிகளை வரவழைப்பது எப்படி. ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கிவிட்டாள். ஜூலை 15 தான் கடைசி. தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள், இரண்டு வருடப் படிப்பும் போச்சு. நூறு பக்கம் வேண்டும். இன்றுவரை முடிந்தது 41.

இந்த இரண்டு வருடத்தில் அவள் பார்த்த ஊர்கள் இரண்டு. விமானம் இறங்கிய ஊர், இந்த ஊர்.

மே 20, செவ்வாய்

அறையில் பகலிலும் திரை மூடியே இருக்கிறது. எப்போது பார்த்தாலும் படுத்திருக்கிறாள். யோசிக்கிறாளாம். பெரிய படிப்புக்காரர்கள் படுத்துத்தான் யோசிப்பார்கள் போல. ஜன்னல் ஓரம் தொட்டியில் ஒரு செடி இருந்திருக்கிறது. இப்போது தொட்டி இருக்கிறது. வந்த கடிதங்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. ஒன்பது.

காலையில் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எம்மா, நீ எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு ஒரு வரி ஓடாது."

"நான் எங்கட்டி ஒன்னயப் பாத்தேன்? நான் பாட்டுக்கு முருகனப் பாக்கேன்."

"முருகன் வழியா என்னயப் பாக்க."

பக்கம் 41.

மே 21, புதன்

மேலகரம் ஜோசியரிடம் போனில் பேசினேன். செண்பகாவுக்குச் சனி படிப்பு ஸ்தானத்தைக் கூர்ந்து பார்க்கிறாராம். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் அந்தந்தக் கிழமையில் தரிசிக்க வேண்டும். பிள்ளையால் முடியாவிட்டால் பெற்றவள் போகலாம்.

"இங்கன எங்க சாமி நவக்கிரகம்? வெள்ளக்காரன் ஊருல்லா?" என்றேன்.

"கோயிலுதாம்மா மனுசன் கட்டுனது. கிரகம் எல்லா ஊருக்கும் பொது. ஆளு அதிகமா மிதிக்காத ஒம்பது எடமாப் பாத்துப் போங்க. கூட்டம் மிதிச்ச எடத்துல சக்தி கொறஞ்சிரும். ஏழாவது சனி. அதுல மட்டும் ஒரு கொற வரப்படாது, ஆமா."

மே 22, வியாழன்

ஜோசியர் சொன்னதைச் செண்பகாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்தாள். நான் வந்த பிறகு, யாரும் எழுப்பாமல் அவள் எழுந்தது இதுதான் முதல் தடவை. ரயில் வரைபடத்தை விரித்து, பத்தே நிமிடத்தில் ஒன்பது ஊரைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டாள். என் மாதச் சீட்டில் எல்லாச் சின்ன ரயிலிலும் ஏறலாம். மிகவும் பக்கத்தில் இருக்கும் தலத்துக்கே போய்வர நான்கு மணி நேரம். ஒன்பதும் தண்டவாளம் முடிகிற கடைசி ஸ்டேஷன்களாக அமைந்தது இறைவன் செயல்.

ஊரில் ரதவீதியைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை. தென்காசியில் இருக்கும் அவுகளிடம் இதைச் சொல்லவில்லை. போனில் "எங்க போனாலும் பிள்ளைய கூட்டிட்டுப் போ" என்றார்கள். "சரி" என்றேன். சரி என்பது காதில் விழுந்தது என்பதற்கும் சொல்வதுதானே.

மே 25, ஞாயிறு. சூரியன்

முதல் தலம். தெரு முக்கில் நின்று திரும்பிப் பார்த்தேன். நம் ஜன்னல் திரை ஒரு சாண் விலகியிருந்தது.

மூன்று ரயில் மாறினேன். ஒன்று இருபத்தைந்து நிமிடம் தாமதம். இந்த நாட்டு ரயிலைப் பற்றி ஊரில் சொன்னதெல்லாம் யாரோ போகாதவர்கள் சொன்னது. இறங்கிய ஊரில் மனிதர் நடமாட்டம் இல்லை. ஒரு பழைய மாதாகோயில், அதன் சுவரில் நிழலைக் கொண்டு மணி காட்டும் கடிகாரம். சூரியனே கை வைத்து எழுதுகிற கடிகாரம்! இதைவிட என்ன வேண்டும். ஒன்பது சுற்று சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் எதிர் வீட்டு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். ஏழாவது சுற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தலம் 1. ஏறிய ரயில் 6. பக்கம் 41. திரை 1.

மே 26, திங்கள். சந்திரன்

குளம். வாத்துகள். நல்ல தரிசனம். தலம் 2, ரயில் 10, பக்கம் 41, திரை 2.

மே 27, செவ்வாய். அங்காரகன்

செவ்வாய்க்குச் சிவப்பு. இறங்கியதும் எதிரிலேயே செக்கச்செவேல் என்று ஒரு கட்டடம், வாசல் கதவும் சிவப்பு. தேட வைக்காமல் காட்டினான் என்று மனம் உருகிக் கற்பூரம் ஏற்றினேன். உள்ளேயிருந்து நான்கு பேர் ஓடிவந்தார்கள். என்ன பக்தி என்று நினைத்தேன். வாளியோடு வந்திருந்தார்கள். தீயணைப்பு நிலையமாம்.

ஆனால் நல்ல பையன்கள். வண்டியைத் திறந்து காட்டினார்கள். மணியும் அடித்தார்கள். தீபாராதனைக்கு மணி அடித்தது கணக்கில் சேரும்.

தலம் 3, ரயில் 14, பக்கம் 41, திரை 3.

மே 28, புதன். புதன்

நடுத்தெருவில் பழைய டெலிபோன் கூண்டு. உள்ளே போன் இல்லை, அடுக்கடுக்காகப் புத்தகம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். வித்தைக்கு அதிபதி தெருவிலேயே கடை போட்டிருக்கிறார். என்னிடம் இருந்த நவக்கிரகத் துதிப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு மனப்பாடம்.

தலம் 4, ரயில் 18, பக்கம் 41, திரை 4.

மே 29, வியாழன். குரு

இன்று இவர்களுக்கு விடுமுறை. அவர்கள் சாமி வானுலகம் ஏறிய நாளாம். போன ஊரில் ஆண்கள் இருபது பேர் மாலை போட்ட கைவண்டியை இழுத்துப் பாடிக்கொண்டு போனார்கள். குருவாரத்தில் ஊர்வலம் எதிரே வந்தால் விடலாமா? பின்னாலேயே ஒரு மைல் நடந்தேன். அவர்கள் பாட, நான் தேவாரம் பாட, பாதை நன்றாகத்தான் போயிற்று. வண்டியின் துணியை விலக்கிய பிறகுதான் உள்ளே பீர் பாட்டில்கள் என்று தெரிந்தது. ஒரு பெரியவர் எனக்கும் ஒன்றை நீட்டினார். கும்பிட்டு மறுத்தேன். எல்லோரும் திருப்பிக் கும்பிட்டார்கள். நடந்த மைல் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

தலம் 5, ரயில் 23, பக்கம் 41, திரை 5.

மே 30, வெள்ளி. சுக்கிரன்

ரோஜாத் தோட்டம். மல்லிகையின் மணம் இல்லை, ஆனாலும் குறை சொல்லக்கூடாது. தலம் 6, ரயில் 27, பக்கம் 41, திரை 6.

மே 31, சனி. சனீஸ்வரன்

ஏழாம் தலம், ஹின்டர்மோஸ். சென்று வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு. ராகு

ராகுகாலம் தென்காசி மணிக்கா இந்த ஊர் மணிக்கா என்று சந்தேகம். ஜோசியரைக் கேட்டேன். "நீங்க நிக்கிற எடத்துல என்ன மணியோ அதுதாம்மா. ராகுவும் அங்கனதான நிக்காரு" என்றார். பிறகு, "நேத்து சனி எப்படி?" என்றார். "சிக்னல் சரியில்ல சாமி" என்று வைத்துவிட்டேன்.

காலையில் முந்தானையைத் துவைத்தேன். சிவப்புக் கறை. பழச்சாறு பட்டால் லேசில் போகாது.

ஜூன் 3, செவ்வாய். கேது

ஒன்பதும் நிறைவு. தலம் 9. தனியாக ஏறிய ரயில் 37. பக்கம் 41. திரை 9.

முந்தானைக் கறை இன்னும் போகவில்லை.

ஜூன் 7, சனி

செண்பகாவோடு படிக்கிற சென்னியப்பன் வந்தான். ஈரோட்டுப் பக்கம். 'சுத்தலாம் வாங்க' என்று யூடியூபில் சேனல் வைத்திருக்கிறானாம். பார்ப்பவர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். தோசை சாப்பிட்டுக்கொண்டே மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டினான். வாய் நின்றுவிட்டது.

"ஏனுங்கம்மா, இந்த ஒம்போது ஊருக்கும் ஒத்தையாவா போனீங்க? நாங்க ரெண்டு வருசமா இங்க இருக்கறோம், ஒரு ஊர் பேரு கூடத் தெரியலைங்களே! இதைய அப்படியே வீடியோவாப் போட்டுக்கட்டுங்களா?"

கட்டிலிலிருந்து செண்பகா, "அவ கணக்கு நோட்டுடா அது" என்றாள். நான் "போட்டுக்கோப்பா, நாலு பேருக்குப் புண்ணியம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் போனில் என்னைப் படம் பிடித்தபடி, ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"மத்ததுக்கெல்லாம் ஏதோ ஒன்னு எழுதியிருக்கறீங்க. ஏழாவதுக்கு மட்டும் வெறும் 'சென்று வந்தேன்'தானுங்களா?"

"சனீஸ்வரனப் பத்தி அதிகம் எழுதப்படாதுய்யா."

"சரிங்க. அங்க என்னதான் இருந்துச்சு?"

"கருங்கல்லு. காக்கா."

சனி என்றால் கருப்பு. காகம் வாகனம். பொதுவாகச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

வீடியோவின் பெயர்: 'ஜெர்மனியில் யாருமே போகாத ஒன்பது இடங்கள்! ஏழாவது இடத்தைப் பற்றி அந்த அம்மா பேச மறுத்தது ஏன்?' தொண்ணூறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முந்தாநாள் மாணவர்கள் பதினொரு பேர் ஹின்டர்மோஸ் போயிருக்கிறார்கள். கருங்கல் இருந்ததாம். காகமும் இருந்ததாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. சிலிர்ப்பு என்று சென்னியப்பன் எழுதிக்கொண்டான்.

சுற்றிவிட்டு வந்த ஒரு பெண்ணுக்கு மறுநாளே வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதாம். இந்த நாட்டில் குழந்தை வரம் கூடச் சுலபம், வாடகை வீடு கிடைப்பதுதான் தெய்வச் செயல் என்கிறார்கள்.

தென்காசிக்கும் வீடியோ போய்விட்டது. அவுக கூப்பிட்டார்கள்.

"ஏளா, ஒத்தைலயா ரயில்ல போன?"

"ஒத்தைல எங்க? ஒம்பது கிரகமும் கூட வந்துச்சுல்லா."

தொண்டையைச் செருமினார்கள். பிறகு, "தெருவுல எல்லாரும் பாத்துட்டாவ. அந்தப் பச்சச் சேல நல்லாருக்குன்னு சொன்னாவ" என்றார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் சேலையைப் பற்றி முதல் பேச்சு. அதையும் தெருவில் யாரோ சொன்னதாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

செண்பகா வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். நான்காம் தடவை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"எம்மா, அந்த நோட்டக் குடு. நாலு நாள்ல ஒண்ணுமில்லாத ஊருக்கு எழுபது பேரு போயிருக்காவ. என் தீசிஸ்ல கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ரெண்டு வருசமா வேற எங்கயோ தேடிட்டு இருந்திருக்கேன்."

மே 18 தாளைப் படிக்கும்போது முகம் சுளித்தாள். தலையை வாரிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

பக்கம் 43.

ஜூன் 21, சனி

இன்று ஹின்டர்மோஸ் போகலாம் என்று குளித்துக் கிளம்பினேன். மறுபடியும் ஒருதரம், சும்மா. முட்டுவலி. போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

முட்டுவலி இல்லை. ஆனால் சனிக்கிழமை இல்லை.

செண்பகா போனிலேயே அறுபது பேரிடம் கேள்வி கேட்டுவிட்டாள். எப்படிக் கேள்விப்பட்டீர்கள், என்ன உணர்ந்தீர்கள், மீண்டும் வருவீர்களா. "நீயும் ஒருநடை போய்ப் பாத்துட்டு வாயேண்டி" என்றேன். "நேர்ல போனா என் கருத்து உள்ள கலந்துரும்மா, ஆராய்ச்சியில அது தப்பு" என்றாள். ஆராய்ச்சியில் இப்படி ஒரு வசதி உண்டென்று தெரியாது. பக்கம் 58.

ஜூன் 28, சனி

ஹின்டர்மோஸ் ஊராட்சி கடிதம் போட்டிருக்கிறது. செண்பகா படித்துச் சொன்னாள். அந்தக் கல், வண்டிகளை நிறுத்தாமலிருக்க ஆறு வருடம் முன்பு ஊராட்சி கொண்டுவந்து போட்ட கல். அப்படியென்றால் எடுத்துவிடப் போகிறார்களா? இல்லை. சனிக்கிழமை பேக்கரியில் எள் தூவிய ரொட்டி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம், வாங்கிக் காகத்துக்குப் போடுகிறார்கள். மூடிக்கிடந்த ஓட்டலைத் திறந்துவிட்டார்கள். எனவே கல்லுக்கு வேலியும் போர்டும். வலமாக மட்டும் சுற்ற வேண்டும். விளக்கு மணல் தொட்டியில் மட்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மந்திரம் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் உடைக்கக் கூடாது. மேற்பார்வைக்கு ஹெல்முட் என்று ஓய்வுபெற்ற தபால்காரரைப் போட்டிருக்கிறார்கள்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கம் இரண்டாகிவிட்டது. ஒரு சங்கம் அது சனீஸ்வரன் என்கிறது, மற்றது பைரவர் என்கிறது. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "வந்த ஆளு கல்லுட்டயே கேக்கலாம்லா" என்றேன். ஆழமான பதில் என்று இரண்டு சங்கமும் எடுத்துக்கொண்டன.

பக்கம் 71.

ஜூலை 5, சனி

ஜோசியர் தானாகவே கூப்பிட்டார். ஹின்டர்மோஸ் தாம் ஞானதிருஷ்டியில் கண்டு சொன்ன தலம் என்று தென்காசியில் பேட்டி கொடுத்திருக்கிறாராம்.

"ஏழாவதுல எத்தன சுத்தும்மா சுத்துனிய?"

"ஒம்பது."

"எந்தக் கால மொதல்ல எடுத்து வச்சிய?"

"வலது கால."

"அதான! அதான் பிள்ள எழுத ஆரம்பிச்சிட்டு."

போனை வைத்துவிட்டுப் பூஜைப்படத்தைத் துடைத்தேன். துடைத்த படத்தையே மறுபடி துடைத்தேன். மூன்று தடவை.

பக்கம் 88.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

தொண்ணூற்றொன்பது பக்கம் முடிந்துவிட்டது. செண்பகா தாள்களை அடுக்கிவைத்து, கடைசித் தாளைத் தனியே எடுத்தாள்.

"என்ன தாளுட்டி அது?"

"இதுல இருக்கதெல்லாம் நெசம், ஆதாரம் எல்லாம் நேர்மையா எடுத்ததுன்னு சத்தியம் பண்ணுத தாளு. பொய்னு தெரிஞ்சா பட்டம் போயிரும்."

"எதெல்லாம் ஆதாரம்?"

"முதல் ஆதாரமே உன் நோட்டுதான். மே முப்பத்தொண்ணாம் தேதி ஒரு பொம்பள ஒத்தைல போயி ஒரு கல்லச் சுத்துனா. அதுலருந்துதான எல்லாம்." பேனாவை எடுத்தாள்.

நான் சொன்ன பொய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். சித்திரகுப்தனோடு என் வழக்கு அது. என் பொய்க்குப் பிள்ளை சத்தியம் பண்ணினால் அதை எந்த நோட்டில் எழுதுவது?

"பேனாவ வையி. அங்க நான் போகல."

"எங்க போகல?"

"ஏழாவதுக்கு. கருங்கல்லும் பாக்கல, காக்காயும் பாக்கல."

அவள் என்னையே பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வழியில் ஒரு ஊரில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம். பக்கத்தில் ஒரு ஆறு, கரையில் பெஞ்சு, ஒரு அம்மாள் ஸ்ட்ராபெர்ரி விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கூடை வாங்கி உட்கார்ந்தேன்.

"ரயிலு வரலியா?"

"வந்துச்சு. போயிட்டு. பொறவு ஒண்ணு வந்துச்சு. அதுவும் போயிட்டு. நாலு ரயிலு."

"எதுக்கும்மா ஏறல?"

"தெரியல. யாரும் என்னய எந்திரின்னு சொல்லல."

செண்பகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே, சனி வேறு எங்கும் இல்லை, என் நாக்கில்தான் இருந்திருக்கிறது என்று கிட்டே போனேன். கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வந்து இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. இதற்கு நான் கணக்கில் இடம் விடவில்லை.

"எம்மா, நானும் ஒண்ணு சொல்லட்டா? அந்த ஒம்பது ஊரும்... நீ ரூம்ல இல்லாம இருக்கணும்னு மேப்ல கடைசிக் கடைசி ஸ்டேஷனாப் பாத்துக் குத்துனேன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"ஒம்பது கிரகமும் கடைசி ஸ்டேஷன்லதான் எறங்குமாட்டி? நான் இல்லாத நேரத்துலயும் நீ எழுதலன்னும் தெரியும். நாப்பத்தொண்ணு."

"பொறவு எதுக்குப் போன?"

"நான் கெளம்புனா நீ எந்திரிச்சு, திரைய ஒதுக்கி, நான் முக்கு திரும்புதனான்னு பாப்ப. வேற எதுக்கும் நீ எந்திரிக்கல. அதுக்காச்சும் எந்திரிச்சியே."

அவள் என் நோட்டை எடுத்துப் புரட்டி, ஒவ்வொரு நாளும் அடியில் 'திரை' என்று எழுதியிருந்த எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"கடைசி அத்தியாயத்த மாத்தணும்."

"மூணு நாள்தான இருக்கு? பேசாம அந்த ஏழாவத எடுத்துரு."

"எடுக்கவா? எம்மா, இம்புட்டு நேரமும் இது ஒரு அம்மா ஒரு எடத்தக் கண்டுபிடிச்ச கதை. யாருமே கண்டுபிடிக்காத எடத்துக்கு இப்ப ஆயிரம் பேரு போறாவ. இதாம்மா தீசிஸ்! போயி காப்பி போடு."

போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பக்கம் 103. கையெழுத்துப் போட்டாள். கொடுத்துவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு. வெளியார் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். பின் வரிசையில் உட்கார்ந்து அபிராமி அந்தாதியை மனதுக்குள் சொன்னேன். செண்பகா நேராக நின்று பேசினாள். ஊரில் அவள் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நிற்பதுபோல ஒரு காலை முன்வைத்து நின்றாள்.

முடிவில் பேராசிரியை ஹைடே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அந்த இடத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று செண்பகா தமிழில் சொன்னாள். நான் எழுந்து, ஒரு வாரமாக மனப்பாடம் செய்த ஜெர்மன் வாக்கியத்தை நானே சொன்னேன். "இஷ் வார் நிஷ்ட் டா." நான் அங்கே போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியையும் சிரித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை தாம் கணவரோடு அங்கே போனதாகவும், கல்லின் அருகே நின்றபோது உண்மையாகவே ஏதோ ஒன்றை உணர்ந்ததாகவும் சொன்னார். நூற்றுமூன்று பக்கத்தையும் வரி விடாமல் படித்தவர் அவர்.

தேறிவிட்டாள். 1.7 மதிப்பெண். இங்கே எண் குறைந்தால் உசத்தி. அவுகளுக்கு அது ஏறவில்லை.

"ஒண்ணே முக்காலு கூட இல்லியா? தெருவுல என்னன்னு சொல்ல?"

"நூத்துக்கு எவ்வளவுன்னு யாரு கேட்டா? பாஸுன்னு சொல்லுங்க."

ஆகஸ்ட் 9, சனி

நாளை விமானம். காலையில் நான் கேட்கவில்லை, அவளாகவே, "எம்மா, ஹின்டர்மோஸ் போவமா?" என்றாள். அதைப் பற்றி நூறு பக்கம் எழுதியவளும் போனதில்லை, அதைத் தொடங்கிவைத்தவளும் போனதில்லை. இருவரும் கிளம்பினோம். தெரு முக்கில் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. பக்கத்தில் நின்றாள்.

இறங்கியதும் வரிசை. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். கல்லுக்குக் கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஹெல்முட் நின்றார். நான் செருப்பைக் கழற்றினேன். ஓடிவந்து போர்டைக் காட்டினார். சரளைக்கல் தரையில் பாதுகாப்புக் கருதிக் காலணி கட்டாயமாம். சாமியைச் செருப்புக் காலோடு சுற்றவேண்டிய ஒரே தலம் இதுதான்.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சென்னைப் பேச்சு.

"ஃபர்ஸ்ட் டைமா ஆன்ட்டி? லைன் இப்படி வருது, அந்த ஏரோ மார்க்லேர்ந்துதான் ஸ்டார்ட் பண்ணணும். ரொம்ப பவர்ஃபுல் பிளேஸ். ஒரு வயசான அம்மா இங்க ஏழு நாள் எதுவுமே சாப்பிடாம தவம் இருந்தாங்களாம்."

செண்பகா, "அய்யோ பாவம். ஸ்ட்ராபெர்ரி கூட சாப்பிடலியா?" என்றாள்.

"பச்சத் தண்ணி கூட இல்லையாம்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வயசான அம்மா என்றது மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஒன்பது சுற்று சுற்றினேன். நான்காவதில் என் சேலை வேலியில் மாட்டியதற்கு ஹெல்முட் விசில் ஊதினார். என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. வண்டி நிறுத்தாமலிருக்க நல்ல கல். ஆனாலும் சனீஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லி இவ்வளவு கூட்டம் கூட்டியிருக்கிறேன், அவரும் ஏதோ மனதில் வைத்துத்தான் விட்டிருப்பார்.

திரும்பும் ரயிலில் செண்பகா ஜன்னலிலேயே கண்ணாக இருந்தாள். "இது என்ன ஊரும்மா? அந்தப் பாலம் என்ன?" என்று சின்னப் பிள்ளைபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். கொஞ்சதூரம் போனதும் மெல்ல, "எம்மா, அந்த பெஞ்சு எந்த ஸ்டேஷன்?" என்றாள்.

இறங்கினோம். ஸ்ட்ராபெர்ரி காலம் முடிந்துவிட்டது. அந்த அம்மாள் பிளம்ஸ் வைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு இரண்டு அதிகம் போட்டாள். ஆறு அப்படியே இருந்தது. பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். ரயில் வந்தது. செண்பகா என்னைப் பார்த்தாள். நான் பிளம்ஸைப் பார்த்தேன். ரயில் போயிற்று.

கணக்கு: தலம் 9. முன்பு எழுதியது தவறு, இப்போது சரி. பக்கம் 103. திரையைக் கழற்றித் துவைத்துப் போட்டாயிற்று. விட்ட ரயில், முந்தியது நான்கு, இன்று மூன்று, ஆக 7.

அந்த ஸ்டேஷன் பெயரையும் ஆற்றின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊருக்குப் போகுமுன் நோட்டை ஒருதரம் கொடுங்கள் என்று சென்னியப்பன் கேட்டிருக்கிறான்.